சொல்லாமல் விட்ட நாலு நாள்

"யாருங்க அது... மதகுல கைய வைக்கிறது?"

ஆடித் தூறல் விழுந்துகொண்டிருந்தது. வலங்கைமானுக்குக் கிழக்கே, வாய்க்காலில் முழங்கால் தண்ணீரில் நின்ற ஜாஸ்லின் நிமிர்ந்தாள். கரையில் ஒருவன், மண்வெட்டியோடு. நனைந்த இமைகளுக்குள் கோபக் கண்கள்... ஆனாலும் அழகான கண்கள்.

"திருட வரலைங்க. வாய்க்கால்ல எவ்வளவு தண்ணி போகுதுன்னு அளக்குற கருவி இது. செல்போன்லயே பாத்துக்கலாம். அதை மாட்டுறதுதான் என் வேலை."

"செல்போன்ல பாத்தா கடைமடைக்குத் தண்ணி வந்துருமா?"

"உங்க கோவத்தைப் பாத்தா, அதுவே பயந்து ஓடி வந்துரும்போல..."

உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கியவன், அவள் கரையேறக் கை நீட்டினான். பெயர் ஜெக்கரியா. கடைமடையில் மூன்று ஏக்கர் குத்தகைக்கு எடுத்துக் குறுவை நட்டிருந்தான்.

அதன்பிறகு அவள் கருவியைப் பார்க்க வரும் நாளிலெல்லாம், அவனுக்கும் அந்தக் கரையில் ஏதோ வேலை இருந்தது...

பயிர் கதிர்விடும் வாரம். செல்போன் திரையில் தினமும் உச்சிவேளையில் தண்ணீர் சட்டென்று குறைந்தது. தேடிப் போனவள், தென்னை மட்டைகளுக்கு அடியில் ஓர் ஆயில் இன்ஜினைக் கண்டாள். முறையில்லாத நாளில் வாய்க்காலை உறிஞ்சி, மேல்மடையில் இருந்த அவர்கள் வயலுக்கு இறைத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் அவள் அப்பா சவரியப்பன்.

"நாளைக்கே எடுத்துடறேம்மா. ஊருக்கு முன்னால என்னைத் தலைகுனிய வச்சிராத."

அதட்டியிருந்தால் எதிர்த்திருப்பாள். கெஞ்சுகிறவரை என்ன செய்வாள்? நாளை, நாளை என்று நாலு நாள் போனது. ஐந்தாம் நாள் அழுதபடியே பாசன அலுவலகத்துக்கு எழுதி அனுப்பினாள். இன்ஜினைத் தூக்கிப் போனார்கள். அப்பா அவளோடு பேசுவதை நிறுத்தினார்.

கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்தபோது, ஏற்கெனவே வெடித்திருந்த வயலில் ஜெக்கரியாவின் கதிர்கள் வெளுத்து, பதராகி நின்றன.

அவள் அவனைத் தேடிப் போனாள்.

"உங்கப்பான்னு தெரிஞ்சும் எழுதிக் குடுத்தீங்களாமே... எங்களுக்காக யாருங்க அப்படி நிப்பாங்க?" என்றான்.

அந்த நன்றியை அவளால் தாங்க முடியவில்லை. உண்மையைச் சொல்லாமல் இருந்துவிடலாம்... என்றைக்கும் இப்படியே நன்றியோடு பார்ப்பான்.

"நாலு நாள் முன்னாடியே எனக்குத் தெரியும்ங்க. சொல்லல. சொல்லியிருந்தா இதுல பாதியாவது பொழைச்சிருக்கும்."

அவன் ஒரு கதிரை உருவி விரலால் நசுக்கினான். உள்ளே பால் பிடிக்கவே இல்லை.

"இதை ஏன் எங்கிட்ட சொல்றீங்க? யாருக்கும் தெரியாதே."

"உங்களை எனக்கு அவ்வளவு பிடிக்கும். மறைச்சு வச்சுக்கிட்டு உங்க முகத்தைப் பாக்க முடியலைங்க."

வரப்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். தோள்கள் குலுங்கின. இனி என்ன இருக்கிறது... அவள் திரும்பி நடந்தாள்.

"ஜாஸ்லின்..." முதன்முறையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். "கோவமாத்தான் இருக்கேன். எப்ப ஆறும்னு தெரியல. ஆனா போயிடாதீங்க. நான் ஆசைப்பட்டது உங்களைத்தான்... இப்ப இந்த வயலுக்காக அழறதுக்கும் நீங்கதான் பக்கத்துல வேணும்."

அவள் திரும்பி வந்து, ஒரு முழம் தள்ளி, அந்த வரப்பிலேயே உட்கார்ந்தாள்.