தகட்டின் கீழே ஏழு கோடுகள்

"இது தானா ஆனது இல்லை சார். எங்க அண்ணன் வேலை," என்று சொல்லியபடி அவள் கிதாரை மேஜைமேல் கிடத்தினாள்.

மாஸ்டர் விளக்கைக் கிதாருக்கு அருகே இழுத்தார். பழைய கிதார்களைச் சீராக்குவது அவர் தொழில். முன்கடையில் தந்தி விற்பது அவர் மச்சினனின் தொழில். துப்பறிவது மச்சினனின் ஆசை.

மீட்டும்போது மரம் கீறாமலிருக்கக் கிதார்த் துளைக்குக் கீழே ஒட்டியிருந்த கறுப்புத் தகடு, காய்ந்த இலைபோல் ஓரமெல்லாம் சுருண்டிருந்தது.

"அப்பா வாங்கித் தந்தது. நான் வாசிச்சா, சைக்கிள் சக்கரத்தைச் சுத்தவிட்டு அந்தச் சத்தத்துல தாளம் போடுவார். நான் வேலைக்குன்னு வெளியூர் போய் எட்டு வருஷம் ஆச்சு. வருஷத்துக்கு ஒரு லீவு. ஏழு தடவையும் தகடு கண்ணாடி மாதிரி படிஞ்சுதான் இருந்தது. எட்டு மாசம் முன்னாடி அப்பா தவறினப்போ வந்தேன். உறையைத் திறக்க மனசு வரலை. நேத்து அண்ணன் வீட்டுல திறந்தா, இப்படி."

"அண்ணன் என்ன சொல்றார்?"

"ஒண்ணும் சொல்லலை. தலையைக் குனிஞ்சுக்கிட்டான். நேத்தே பெட்டியோட லாட்ஜுக்கு வந்துட்டேன். அவன்தான்னு நீங்க சொல்லிட்டா, இனிமே அந்த வாசப்படியை மிதிக்க மாட்டேன்."

மச்சினன் எட்டிப் பார்த்தான். "கிதார் எங்கே இருந்தது?"

"மேற்கு ஜன்னல் பக்கத்துல."

"கேஸ் முடிஞ்சது மாமா. சாயங்கால வெயில்."

"உன் கேஸ் எல்லாம் டீ வர்றதுக்குள்ள முடிஞ்சிடும்," என்றார் மாஸ்டர்.

தகட்டை இளஞ்சூட்டில் காட்டி, மெல்லிய கத்தியைக் கீழே செலுத்திப் பிரித்தெடுத்தார். முகர்ந்தார். மச்சினனிடம் நீட்டினார்.

"டயர் வாடை," என்று முகம் சுளித்தான்.

மாஸ்டர் தகட்டின் ஓரத்தை லென்ஸில் பார்த்தார். "அப்பாவுக்குச் சைக்கிள் கடையா?"

"ஆமா."

"அண்ணனைக் கூப்பிடுங்க."

அரை மணியில் அண்ணன் வந்தான். பெஞ்சில் தங்கைக்கும் தனக்கும் நடுவே இரண்டு பேர் உட்காரும் இடம் விட்டு உட்கார்ந்தான்.

"இது கம்பெனிப் பசை இல்லை," என்று தொடங்கினார் மாஸ்டர். "பஞ்சர் ஒட்டுற சொல்யூஷன். கொஞ்ச நாள் பிடிக்கும், அப்புறம் தகடு திமிறிக்கிட்டு எழும்பும். எழும்பின இடத்துல தூசி இறங்கும். மறுபடி சொல்யூஷன், மறுபடி தூசி. கோடு கோடாத் தெரியுது. மாப்ள, எண்ணு."

மச்சினன் லென்ஸை வாங்கி எண்ணினான். "ஏழு."

"எட்டு மாச வெயில் ஏழு அடுக்குத் தூசியைக் கொண்டுவராது. இது கெட்டு ஏழு வருஷத்துக்கு மேல ஆச்சு. நீங்க லீவுக்கு வர்றதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் அப்பா ஒட்டியிருக்கார்."

"புதுசு போட்டிருக்கலாமே மாமா?"

"போட்டா இவங்க கண்டுபிடிச்சிடுவாங்க. ஒரே ஒருத்தர் கண்ணுல படக் கூடாதுன்னு பாடுபட்டிருக்கார். வேற யாராவது கெடுத்திருந்தா, நாலு திட்டு திட்டியிருப்பார், அதோட சரி. கெடுத்தவங்களுக்கே தெரியக் கூடாதுன்னாதான் இத்தனை வேலை." அண்ணன் பக்கம் திரும்பினார். "இப்பவாவது சொல்லுங்க."

அண்ணன் மாஸ்டரிடமே சொன்னான். "இவ ஊருக்குக் கிளம்பின அன்னிக்கு மொட்டை மாடியில வாசிச்சுட்டு, வெயில்லயே வெச்சுட்டுப் போயிட்டா. சூட்டுல தகடு சுருண்டுடுச்சு. முதல் வேலைக்குப் போற புள்ள, அங்கே போய் இதையே நினைச்சு அழும், அவ காதுக்குப் போகக் கூடாதுன்னார் அப்பா." தங்கையைப் பார்த்தான். "நீ வர்ற வாரம் கடைக்கு எடுத்துட்டுப் போய் ஒட்டி, மேல பாரத்துக்கு நாலு பெடலை அடுக்கி வைப்பார். இந்தத் தடவை நான் ஒட்டணும்னுதான் இருந்தேன். எனக்குப் பஞ்சரே ஒட்டத் தெரியாது."

அவள் கிதாரைத் தன் பக்கம் இழுத்தாள். தகடு இருந்த இடத்தில் மரம் வெளிறிக் கிடந்தது.

"நேத்து அவ்வளவு பேசினேனே. நீ வாயே திறக்கலையே."

"நீ விட்டாத்தானே?"

மச்சினன் சிரிப்பை அடக்க உள்ளே போனான்.

"தகடு சுருங்கிடுச்சு. நிமிர்த்தினாலும் பழைய இடத்துல பொருந்தாது. புதுசு வெட்டிடறேன்," என்றார் மாஸ்டர். "மூணு நாள் ஆகும். யார் வந்து வாங்கிப்பீங்க?"

"ரெண்டு பேரும்," என்றாள் அவள்.

அண்ணன் எழுந்தான். "அப்ப லாட்ஜுக்குப் போய் பெட்டியை எடுத்துடலாமா?"

"கனமா இருக்கும்," என்றாள். "நீதான் தூக்கணும்."