மேலே போகாத லிஃப்ட்

சைரன் அலறியது.

நிறைமதி காரிலிருந்து ஒரு காலைத்தான் வெளியே வைத்திருந்தாள். சத்தம் அந்த மூன்று மாடிக் கட்டடத்தின் படிக்கட்டுப் பக்கமிருந்து வந்தது. தீயணைப்பு மணி இல்லை. பதினோரு வருடமாகக் கேட்டுப் பழகிய சத்தம். உள்ளே யாருக்கோ களைப்பைக் காட்டும் அயர்வெண் தொண்ணூறைத் தாண்டிவிட்டது.

பையைக் காரிலேயே போட்டுவிட்டு, தொடுதிரைப் பலகையோடு ஓடினாள். நாற்பத்தேழு வயதில் ஓட்டம் என்பது கொஞ்சம் வேகமான நடைதான். இரண்டாவது மாடித் திருப்பத்தில், ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில், பெருத்த உடம்புக்காரர் ஒருவர் சரிந்து கிடந்தார். முகம் சாம்பல் பூத்திருந்தது. பாதங்கள் வீங்கிப் பளபளத்தன. கழுத்தில் ஒட்டியிருந்த அயர்வுமானி சிவப்பாக மின்னி 93 என்று காட்டியது.

அவர் முன்னால் மண்டியிட்டிருந்தவன் அஜ்மல். சாயல்குடி குருதித் தூய்மி நிலையத்தின் தொழில்நுட்பன். சட்டை முதுகோடு ஒட்டும் அளவுக்கு நனைந்திருந்தது. சைரன் கேட்டு ஓடி வந்திருப்பான் என்று நிறைமதி நினைத்துக்கொண்டாள்.

"சந்தியாகண்ணே, மூச்ச மெதுவா விடுங்க."

"மூச்சத்தான விடச் சொல்ற? உசுர இல்லையே?" என்றார் அவர், கண்ணைத் திறக்காமல்.

"ஏன் படியில வந்தார்? லிஃப்ட் ரிப்பேரா?" என்று கேட்டாள் நிறைமதி.

அஜ்மல் திரும்பிப் பார்த்தான். "வாங்க மேடம். லிஃப்ட்னா இவருக்குப் பயம்."

நிறைமதி பொத்தானை அழுத்தினாள். லிஃப்ட் உடனே வந்து நின்றது. பயந்த மனிதர் அஜ்மலின் தோளைப் பிடித்துக்கொண்டு அதில் ஏறி, கண்ணாடியில் தலையைச் சாய்த்து, "அப்பாடி" என்றார்.

மூன்றாவது மாடியில் எட்டுத் தூய்மிகளில் ஏழு ஒரே சீராக முனகிக்கொண்டிருந்தன; எட்டாவது சந்தியாகுவுக்காகக் காத்திருந்தது. சிறுநீரகம் செத்துப்போன ஏழு பேரின் ரத்தம் வெளியே வந்து, சுத்தமாகி, உள்ளே போய்க்கொண்டிருந்தது. வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம். இந்த ஒரு விஷயம் மட்டும் ஐம்பது ஆண்டுகளில் அதிகம் மாறவில்லை. மாறியிருந்தது, நிலையங்களுக்கு மதிப்பெண் போடும் முறை.

முன்பெல்லாம் ரத்தப் பரிசோதனைத் தாள்களைப் பார்த்து மதிப்பிட்டார்கள். தாள்களைத் திருத்தினார்கள். நோயாளிகளிடம் கேட்டார்கள். ஊசி குத்துகிறவரைப் பற்றி எந்த நோயாளி குறை சொல்வார்? பிறகுதான் அயர்வுமானி வந்தது. தசையின் அமிலம், நாடித் துடிப்பு, மூளை அலையின் சோம்பல் எல்லாவற்றையும் தோல்வழியே படித்து, ஒரு மனிதர் எவ்வளவு களைத்திருக்கிறார் என்று நூற்றுக்கு ஓர் எண் சொல்லும். சிகிச்சைக்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த நிலையம் நோயாளியின் தலையில் ஏற்றிய சுமை. சராசரிச் சுமை இருபதைத் தாண்டினால் எச்சரிக்கை. அடுத்த ஆண்டும் தாண்டினால் நிலையம் மூடப்படும். 'உடம்பு பொய் சொல்லாது' என்று துறை எல்லாச் சுவரிலும் எழுதி வைத்தது.

சாயல்குடி போன ஆண்டு 31 வாங்கி எச்சரிக்கை பெற்றது. இந்த ஆண்டு 9. மாநிலத்திலேயே இரண்டாவது இடம். அது எப்படி நடந்தது என்று பார்த்து, மற்ற நிலையங்களுக்குப் பாடமாக எழுதத்தான் நிறைமதி வந்திருந்தாள்.

விதிப்படி முதல் வேலையாக ஊழியர்களின் அயர்வெண்ணைக் குறித்தாள். மதிப்பீட்டாளர்களுக்கும் சுமையெண் உண்டு. ஆய்வு முடியும்போது ஊழியர்கள் எவ்வளவு கூடுதலாகக் களைத்திருக்கிறார்களோ அவ்வளவு மோசமான மதிப்பீட்டாளர். எண் ஏறினால் ஆளை மாற்றிவிடுவார்கள். திடீர்ச் சோதனையை ஒழித்ததே அதனால்தான். இப்போதெல்லாம் ஒரு வாரம் முன்பே தேதி சொல்லி அனுப்புகிறார்கள். நிறைமதியின் சுமையெண் கழித்தல் நான்கு. அவள் ஆய்வு செய்துவிட்டுப் போனால் மனிதர்கள் முன்பைவிடத் தெம்பாக இருந்தார்கள். வருடத்தில் இருநூற்றைம்பது நாள் கார் சீட்டிலும் விடுதிக் கட்டிலிலும் கழிக்கிறவளுக்கு, சொல்லிக்கொள்ள இருந்த ஒரே பெருமை அது.

அஜ்மல் 64. குளிரூட்டிய அறையில் முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்த நர்ஸ் ஸ்டெல்லா 59.

இரண்டு மணி நேரம் அவள் குறை தேடினாள். கிடைக்கவில்லை. தண்ணீர் சுத்தமாக இருந்தது. மூன்று ஆண்டில் ஒரு தொற்றுகூட இல்லை. அதிகத் தண்ணீர் சேர்ந்தவர்களுக்கு அஜ்மல் நான்கு மணி நேர வேலையை ஐந்தாக இழுத்து, மெதுவாக எடுத்தான். அந்த ஒரு மணி நேரத்துக்காக அவன் மதியச் சாப்பாட்டை நின்றுகொண்டே சாப்பிட்டான்.

ஆனாலும் ஏதோ இடித்தது. முதல் படுக்கையில் இருந்த இருளாயியின் ரவிக்கையும் வியர்த்துக் காய்ந்து உப்புக் கோடு விட்டிருந்தது. உப்பளத்தில் நாற்பது வருடம் நின்ற கால்கள். கெண்டைக்கால் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. படிக்கட்டில் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு சிவப்பு நாற்காலி இருந்ததும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

நிறைமதி லிஃப்ட்டின் பதிவைத் தன் பலகையில் திறந்தாள். இந்த வாரம் நாற்பத்திரண்டு நோயாளிகள் லிஃப்ட்டில் கீழே இறங்கியிருந்தார்கள். மேலே ஏறியவர், இன்று காலை அவள் ஏற்றிவிட்ட சந்தியாகுவைத் தவிர, ஒருவருமில்லை.

"அஜ்மல், எல்லாருக்குமா லிஃப்ட்னா பயம்? அதுவும் மேல போறப்ப மட்டும்?"

இருளாயிதான் சொன்னாள்.

"அந்தத் தம்பிய ஏன் தாயி கேக்குற? நாங்கதான் ஏறுறோம். ஏறி வந்தா முன்னாடி காட்டுற எண்ணு ஏறிப்போவும். பொறவு இந்த மிசினு எம்புட்டு உறிஞ்சுனாலும் பெருசா வித்தியாசம் தெரியாது. கணக்கு வாத்தியாரு ஒருத்தர் ஆறாம் நம்பர் கட்டில்ல கெடக்காரு. அவரு சொல்லிக் குடுத்தது."

ஆறாம் கட்டிலில் ஒருவர் போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டார்.

"உங்க உடம்பை நீங்களே கெடுத்துக்கிட்டா எப்படி?" என்றாள் நிறைமதி.

"கெடுக்க என்ன இருக்கு, இன்னம்?" என்று சிரித்தார் பக்கத்துக் கட்டிலில் இருந்த சந்தியாகு. நிறம் திரும்பியிருந்தது. "மேடம், நான் மூக்கையூர்க்காரன். கடல்ல வலை இழுத்தவன். இந்த வெயில்ல தண்ணி குடிக்காம எவன் இருப்பான்? ரெண்டு நாளைக்கு நாலு கிலோ தண்ணி சேருது. உங்க ஊர்ல ஏசியில இருக்கவனுக்கு ஒரு கிலோ. நாலு கிலோவ உருவுனா ஆள் துவண்டுதான் போவான். அதுக்கு இவன் என்ன செய்வான்? சூரியனுக்கு நோட்டீஸ் குடுங்க."

நிறைமதிக்கு உறைத்தது. வெயில் செய்த வேலைக்கு மானி அஜ்மலைக் குற்றவாளி ஆக்கியிருந்தது. முப்பத்தொன்று அஜ்மலின் எண் இல்லை, சாயல்குடியின் எண்.

"உங்களுக்குத் தெரியுமா?" என்று அவனிடம் கேட்டாள்.

"ரெண்டு மாசம் கழிச்சுத்தான் தெரிஞ்சுச்சு மேடம். சத்தம் போட்டேன். படிக் கதவப் பூட்டுனேன். கட்டடத்தச் சுத்தி வெயில்ல நடக்க ஆரம்பிச்சுட்டாங்க. அதுக்குப் படியே தேவலன்னு திறந்துவிட்டு, திருப்பத்துக்கு ஒரு நாற்காலி போட்டேன்."

"நுரையீரல்ல தண்ணி கோத்திருக்கிற ஆள் மூணு மாடி ஏறினா இதயம் நின்னுடும். இன்னைக்கு அவர் உட்கார்ந்தார். அடுத்த வாரம் உருளுவார்."

"தெரியும் மேடம்." அவ்வளவுதான் சொன்னான். வாதாடக்கூட அவனிடம் தெம்பில்லை.

நிறைமதி ஜன்னலருகே போய் உட்கார்ந்தாள். பலகையில் அறிக்கை திறந்திருந்தது. 'அளவீடு பொய்யானது' என்ற கட்டத்தைத் தொட்டால் பழைய எண் திரும்பி வரும். நிலையம் முப்பது நாளில் மூடப்படும். நாற்பத்திரண்டு பேரும் ராமநாதபுரம் போக வேண்டும். போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம், வாரத்துக்கு மூன்று தடவை. கட்டத்தைத் தொடாவிட்டால் நாளை காலையும் அவர்கள் படி ஏறுவார்கள்.

"தாயி," என்றாள் இருளாயி. "மூடிராத. பஸ்ல போறவ திரும்பி வர்றப்ப பொணமாத்தான் எறங்குவா. இங்கன்னா ஏறி வந்தாச்சும் இந்தப் பய மூஞ்சில முழிக்கிறோம்."

நிறைமதி பலகையை மடியில் கவிழ்த்து வைத்தாள். பிறகு அஜ்மலிடம் மெதுவாகச் சொன்னாள்.

"உங்க வேலை நல்ல வேலை. அதையும் எழுதுவேன். வெயில் அதிகமான ஊருக்குத் தனி அளவு வேணும்னு கேட்டு எழுதுவேன். ஆனா இந்த ஒன்பது பொய்னும் எழுதித்தான் ஆகணும். ஓர் எண்ணுல பொய்னு தெரிஞ்சும் நான் விட்டா, அப்புறம் எந்த எண்ணை நம்புறது? எனக்கே ஓர் எண் இருக்கு. நான் யார்கிட்டயும் கத்தாம, யாரையும் மிரட்டாம சம்பாதிச்சது. அது உண்மைங்கிற ஒரே தைரியத்துலதான் இத்தனை வருஷம் ஊர் ஊரா அலையுறேன்."

அஜ்மல் தலையை ஆட்டினான். ஸ்டெல்லா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவன் வேண்டாம் என்பதுபோலப் பார்த்தான்.

"கடைசி அளவு எடுத்துடலாம். கழுத்தைக் காட்டுங்க," என்றாள் நிறைமதி.

ஸ்டெல்லா 52. அஜ்மல் 55.

பழக்கத்தில் அவள் முகத்தில் ஒரு சின்னப் புன்னகை வந்தது. நாலு மணி நேரம் விசாரித்து, நிலையத்தை மூடப்போகிறேன் என்று சொல்லிய பிறகும் இவர்கள் காலையில் இருந்ததைவிடத் தெம்பாக இருக்கிறார்கள். அவளுடைய கை அப்படி.

புன்னகை பாதியிலேயே நின்றது. பிழைப்பே போகப்போகிற மனிதன் எப்படித் தெம்பாக இருப்பான்?

காலையில் நனைந்திருந்த சட்டை. குளிர் அறையில் வியர்த்த நர்ஸ். ஏழு தூய்மிகள் ஓடிக்கொண்டிருந்தபோது, சைரன் அடித்த நொடியிலேயே இரண்டாவது மாடித் திருப்பத்தில் சந்தியாகுவின் பக்கத்தில் அஜ்மல் இருந்தது.

"அஜ்மல், காலையில நான் வந்தப்ப நீங்க படிக்கட்டுல என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

அவன் தூய்மியின் குழாயைக் கழற்றுவதை நிறுத்தவில்லை. களைத்த குரலில், அவளைப் பார்க்காமலே சொன்னான்.

"நீங்க ஒருத்தர்தான் மேடம் கத்தாம பேசுறவங்க, உங்கள மாத்திட்டு வேற ஆள அனுப்பிடக் கூடாதேன்னு, நீங்க வர்ற அன்னைக்கு எல்லா ஊர் சென்டர்லயும் நாங்க மூணு தடவ படி ஏறி எறங்குவோம்."