பால் சுரந்த சாளக்கிராமம்

பெருமாளிடமிருந்து புளித்த பால் வாடை வந்தது.

ஏன் என்று பத்மாவுக்குப் புரியவே இல்லை. பூஜை அலமாரியில் இருந்தது நெல்லிக்காய் அளவு கறுத்த உருண்டை. சாளக்கிராமம் என்று பெயர். அவள் அப்பா திருவேங்கடத்தின் தாத்தா, பூந்தமல்லியில் ஒரு துரை வீட்டில் பட்லராக இருந்தவர். துரை கப்பலேறும்போது அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனது அது. உச்சியில் இருந்த சின்ன வளையம் கிரீடமாம்... சுற்றி ஓடிய மெல்லிய கோடுகள் சக்கர ரேகைகளாம்... சனிக்கிழமைதோறும் பாலாபிஷேகம். எத்தனை துடைத்து வைத்தாலும் மறுநாள் தட்டில் ஒரு சொட்டுப் பால் கசிந்திருக்கும்.

கல்லுக்குள் பால் எப்படிப் போகும்?

"போவலமா... சொரக்குது!" என்றார் திருவேங்கடம். ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்டர் அவர். அளவில் மயிரிழை பிசகினாலும் சாமானைத் திருப்பி அனுப்பிவிடுவார். பெருமாள் விஷயத்தில் மட்டும் அளவுகோலைத் தொடவே மாட்டார். "வர்ற சனிக்கெயம குவார்ட்டர்ஸ் மொத்தமும் வந்து பாக்கப் போவுது. எல்லார்ட்டியும் சொல்லிட்டேன்."

பத்மா பெருமாளை மறுபடி ஒருமுறை முகர்ந்து பார்த்தாள். அத்தனை பேர் நடுவில் யாராவது முகர்ந்து பார்த்துவிட்டால்... நைனாவின் மானம்?

வியாழக்கிழமை, அவர் வேலைக்குப் போனதும், உருண்டையைக் கைக்குட்டையில் பொதிந்துகொண்டு அம்பத்தூர் பஸ் ஏறினாள். அங்கே யாராவது ஆசாரியிடம் காட்டிக் கேட்கலாம் என்று.

ஐப்பசி மழை... பஸ்ஸுக்குள் ஆளுக்கொரு ஈரக்குடை. திருமுல்லைவாயல் தாண்டியதும் டிரைவர் ஓர் எருமைக்காக பிரேக் போட்டார். பக்கத்தில் நின்றவனின் குடைக்கம்பி, கைக்குட்டைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த வளையத்தில் போய் மாட்டிக்கொண்டது. அவன் குடையை இழுத்தான். அவள் உருண்டையை இழுத்தாள்.

டக்!

உருண்டை பூவாய் விரிந்தது. உள்ளிருந்து ஒரு கட்டித் தயிர் பறந்துபோய் அவன் வெள்ளைச் சட்டைமீது உட்கார்ந்தது.

"ஐயோ... பெருமாள ஒடச்சிட்டீங்களே!"

"பெருமாளா? எங்கங்க?"

"உங்க கொடையில தொங்கறாரே!"

மொத்த பஸ்ஸும் திரும்பியது. "யார்யா பெருமாள ஒடச்சது?" என்றார் கண்டக்டர். "எதுவா இருந்தாலும் எறங்கிப் பேசு மாமே... வண்டில வாடை தாங்கல."

அம்பத்தூர் தொழிற்பேட்டையின் எஸ்டேட் ஸ்டாப்பில் இறங்கி ஒரு டீக்கடைக் கூரையின் கீழ் ஒதுங்கினார்கள். அவன் பெயர் பாஸ்கரன். வீடு மேனாம்பேட்டில்... எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் டிராப்ட்ஸ்மேன்.

மழைத்துளி தங்கிய அவள் இமைகளை அவன் ஒரு கணம் பார்த்தான்... அடடா! ஆனால் அடுத்த கணமே அவன் கண் உருண்டையின் கீலுக்குப் போய்விட்டது.

'என்ன மனுஷன் இவன்? எதிரில் பெண் அழுகிறாள்... இவன் கீலைப் பார்த்து உருகுகிறானே!' என்று நினைத்தாள் பத்மா.

"உடையலங்க. திறந்திருக்கு. இது கல்லு இல்ல, வெள்ளி. கறுத்துப் போச்சு. ஸ்வீட்டு வாங்கற அட்டைப் பெட்டியைப் பிரிச்சு விரிச்சிருக்கீங்களா? ஒரு அடி, நாலு பக்கம், ஒரு மூடி... தரையில விரிச்சா சிலுவை மாதிரி வரும். இதுவும் அப்படித்தான். அட்டைக்குப் பதிலா ஆறு குட்டிக் கோபுரம். கூரெல்லாம் உள்ள பாத்து மடிஞ்சா வெளியில உருண்டை."

"அப்ப பாலு?"

"இடுக்கு வழியா உள்ள போயிருக்கும். மெதுவா வெளிய வந்திருக்கும்."

இவ்வளவுதானா! அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கோபுரங்களின் பக்கங்களைக் கைக்குட்டையால் துடைத்தாள். செதுக்கல்கள் தெரிந்தன... வட்டம் போடும் கவராயம், மூலை பார்க்கும் மூலமட்டம், தூக்குக்குண்டு, சாந்து பூசும் கரணை, ஒரு கண்...

"இந்தச் சின்னம் எனக்குத் தெரியும்!" அவன் குரல் உயர்ந்தது. "எழும்பூர்ல ஒரு பெரிய கட்டடத்து வாசல்ல பாத்திருக்கேன். கவராயமும் மூலமட்டமும் போட்டிருக்கே, டிராயிங் சாமான் கடைதான்னு உள்ள போயி, ஒரு கவராயம் குடுங்கன்னு கேட்டேன்."

"அப்புறம்?"

"வாட்ச்மேன் விழுந்து விழுந்து சிரிச்சாரு. இது மேசனுங்க சங்கம்பான்னாரு."

அவளும் சிரித்தாள். அவன் கீலை மறந்தான்.

"சரி... இத்த மூடறது எப்பிடி?"

அவன் முதுகைக் காட்டித் திரும்பி நின்று, நொடியில் மூடிக் கொடுத்தான். "வளையம் இருக்கற துண்டை முதல்ல மடிக்கணும். அவ்வளவுதான்."

அன்று மாலை, திருவேங்கடத்தின் முன்னால் பத்மா உருண்டையை வைத்து வளையத்தை இழுத்தாள். சனிக்கிழமை எல்லோரும் சிரிப்பதைவிட, இன்று நைனா தன்னைத் திட்டுவது மேல்.

"சிலுவடி!" என்று கத்தினாள் அம்மா குப்பம்மா.

"மூடுறீ!" என்றார் திருவேங்கடம். "எவன் கத்துக்குடுத்தான் உனுக்கு?" பத்மா பஸ்ஸில் நடந்ததைச் சொன்னாள். "அந்தக் கொடைக்காரன் இந்த ஊட்டுப் படிய மிதிக்கக் கூடாது!"

ஆனால் மூட வரவில்லை. பத்மா வளையத் துண்டை முதலில் மடித்துப் பார்த்தாள். ஐந்து மடங்கினால் ஆறாவது துருத்தியது. திருவேங்கடம் அழுத்தினார். குப்பம்மா ஊதுவத்தி கொளுத்தினாள். வேறு வழியில்லாமல் கம்பெனிக்குச் சொல்லியனுப்ப, வெள்ளிக்கிழமை மாலை குடைக்காரன் படியை மிதித்தான்.

"இது மேசனோட சாமான் சார்..."

"இன்னாது? எங்க தாத்தா பட்லர்யா! கொத்தனார் இல்ல!"

"உங்க தாத்தா இல்ல சார்... துரை."

"தொர கொத்தனாரா? தொர எங்கியாச்சும் சாந்துச்சட்டி தூக்குவாரா?"

பாஸ்கரன் பொறுமையாக விளக்கினான். மேசன் சங்கம் என்பது கட்டடம் கட்டுபவர்கள் சங்கம் இல்லை. பெரிய உத்தியோகத்தில் இருந்தவர்கள்கூட அதில் சேர்ந்தார்கள். கொத்தனாரின் சாமான்களை நல்ல நடத்தைக்கு அடையாளமாக வைத்துக்கொண்டார்கள். மூலமட்டம் என்றால் நேர்மை... கவராயம் என்றால் வரம்பு மீறாமல் இருப்பது. இந்த உருண்டை அவர்கள் சங்கிலியில் கோத்துக்கொள்ளும் பதக்கம்.

திருவேங்கடம் தரையையே பார்த்தார். "மூணு தலமொறையா சாமானுக்கா கற்பூரம் காட்டிகினு இருந்தோம்? நாளிக்கு ஊரு சிரிக்குமே..."

அப்போதுதான் குப்பம்மா பேசினாள். "தா பாரு, நீ பேக்டரில ஆயுதபூஜைக்கு இன்னா பண்ற? மூலமட்டத்துக்குப் பொட்டு வெச்சி உயுந்து கும்புடல? அத்த வருசத்துக்கு ஒரு வாட்டி பண்ற. இத்த வாராவாரம் பண்ணிக்கீறோம். இன்னா கொறஞ்சி பூட்ச்சி?"

திருவேங்கடம் நிமிர்ந்தார். உருண்டையை எடுத்தார். உள்ளே செதுக்கியிருந்த மூலமட்டத்தின் மூலையைத் தன் கண்ணாடிவழியே பார்த்தார். "கரெக்டா தொண்ணூறு டிகிரி" என்றார். பாஸ்கரன் அதை வாங்கி, திரும்பி நின்று மூடிக் கொடுத்தான்.

சனிக்கிழமை அவரே எழுந்து நின்று சொன்னார். "பாலு சொரக்கல. நாந்தான் ஊத்தினேன்... அது உள்ள பூந்து பொளிச்சிக்கிது." ஒரு சிரிப்பு கிளம்புவதற்குள் வளையத்தை இழுத்தார். டக்! அற்புதத்தைப் பார்க்க வந்தவர்கள் அதைவிட இதற்கே வாயைப் பிளந்தார்கள்.

பிறகு தினமும் யாராவது வந்தார்கள். திருவேங்கடம் திறந்து காட்டுவார். மூட வராது. "பாஸ்கரனுக்குச் சொல்லியனுப்பு!" அவனும் வருவான். ஒவ்வொரு தடவையும் திரும்பி நின்று மூடுவான். ஒவ்வொரு தடவையும், "வளையத்தை முதல்ல மடிங்க சார்" என்பான்.

ஒரு மழை மாலை... காபி டம்ளரை நீட்டிக்கொண்டே பத்மா மெல்லக் கேட்டாள்.

"தெரிஞ்சேதானே தப்பா சொல்லிக் குடுக்கறீங்க?"

அவன் காது சிவந்தது. "...ஆமா. சரியா சொல்லிட்டா அப்புறம் என்னை எதுக்குக் கூப்பிடப் போறீங்க? அன்னிக்கு டீக்கடையில சிரிச்சீங்களே... அதை மறுபடியும் பாக்கணும்னு இருந்துச்சு."

"பிராடு!"

"சாரிங்க..."

"நானுந்தான்." அவள் தாவணி நுனியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "சனிக்கெயம ராவே எனக்கு மூட வந்துடுச்சி. நைனாகிட்ட சொல்லல..."

அவன் நிமிர்ந்தான். அந்தக் கண்களில் மழையும் இருந்தது, குறும்பும் இருந்தது... காபி ஆறிக்கொண்டிருந்தது.

"இன்னாபா, வந்துட்டியா?" திருவேங்கடம் விரிந்த உருண்டையை ஏந்திக்கொண்டு வந்தார். "இன்னிக்கு நானே மூடிக் காட்டணும். ஒயுங்கா சொல்லு."

பாஸ்கரன் பத்மாவைப் பார்த்தான். அவள் கண்ணால் சொன்னாள்... சொல்லிடுங்க. இனிமே சாக்கு எதுக்கு?

"சார்... ஞாயித்துக்கிழமை எங்க அப்பா அம்மாவைக் கூட்டிக்கிட்டு வரலாமா?"

"எதுக்கு? அவங்களுக்கு இத்த மூடத் தெரியுமா?"

"இல்ல சார்... பத்மாவைப் பொண்ணு கேக்க."

உள்ளே குப்பம்மாவின் கரண்டிச் சத்தம் நின்றது. இன்ஸ்பெக்டர் திருவேங்கடம் அவனைத் தலை முதல் கால் வரை பார்த்தார். மகளின் முகத்தைப் பார்த்தார். அதில் திருப்பி அனுப்ப எந்தக் காரணமும் இல்லை.

"வரச் சொல்லு. மொதல்ல இத்த மூடறது எப்டி?"

பாஸ்கரன் அவர் பக்கத்தில் உட்கார்ந்தான். முதல் தடவையாக, திரும்பிக்கொள்ளாமல் சொன்னான்.

"அடித்துண்டு கீழயே இருக்கட்டும் சார். நாலு பக்கத்தையும் ஒண்ணொண்ணா மேல மடிங்க. வளையம் இருக்கற துண்டு எல்லாத்துக்கும் கடைசி. அதுல இருக்கற பல்லுதான் மத்த நாலையும் பிடிக்கும்."