நெகிழ்வு பூஜ்ஜியம்

காலை பதினோரு மணிக்குக் கல்லூரி வாசல் பலகையில் அந்த மாத நெகிழ்வுப் புள்ளிகள் ஒளிர்ந்தன. இளம்பரிதி, தொண்ணூற்று நான்கு. ரெஜினா, பூஜ்ஜியம்.

"மனசைத் தளர விடாதே ரெஜினா," என்றான் இளம்பரிதி, பலகையைப் படம் எடுத்துக்கொண்டே. "எல்லாருக்கும் எழுத்து வந்துடாது."

"ம்," என்றாள் அவள்.

இருவரும் படைவீரர் அன்புப் பொதித் திட்டத்தின் தொண்டர்கள். பூமியைச் சுற்றும் காவல் கலத்தில் இருக்கும் உள்ளூர்க்காரர் ஹவில்தார் முத்துராக்குதான் இருவருக்கும் ஒதுக்கப்பட்டவர். மாதம் ஒரு கடிதம், ஒரு பொதி. அதிரசம் அனுப்பலாம், முறுக்குக்குத் தடை. எடையற்ற இடத்தில் முறுக்குத் தூள் மிதந்துவந்து மூக்கில் ஏறும். வீரரின் மணிக்கட்டில் நெகிழ்மானிப் பட்டை இருக்கும். அவர் கடிதம் படிக்கையில் நாடி, மூச்சு, கண்ணீர் மூன்றையும் அளந்து, நூற்றுக்கு இத்தனை என்று கல்லூரிக்குச் சொல்லிவிடும். வீரர்களுக்குப் பதில் எழுதும் சிரமம் ஒழிந்து எட்டு வருடமாகிறது.

இளம்பரிதிக்கு அதுவரை இருந்த ஒரே பொறாமை, தொண்ணூற்றேழு வாங்கும் விலங்கியல் மாணவன் ஒருவன் மீதுதான். பூஜ்ஜியத்தைப் பார்த்து வயிறு எரியும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பான்.

முத்துராக்கு விடுமுறையில் இறங்கி, நேரே கல்லூரிக்கே வந்தார். இளம்பரிதி இஸ்திரி போட்ட சட்டையும் கையில் மாலையுமாக நின்றான். அவர் மாலையைத் தாண்டி நடந்தார்.

"இதுல ரெஜினா யாரு தாயி?"

"நான்தாண்ணே."

"எங்க தெரு முக்குல சைக்கிள் கடையை எடுத்துட்டாங்கன்னு எழுதியிருந்தியே. அந்த வேப்பமரம் நிக்குதா?"

"பாதி நிக்குது. மீதியை லைன் கம்பிக்காக வெட்டிட்டாங்க."

அவர் சட்டைப் பையிலிருந்து மடிப்பு நைந்துபோன ஆறு கடிதங்களை எடுத்துக் காட்டினார். ஆறும் அவள் கையெழுத்து.

இளம்பரிதிக்குக் காது சுட்டது. "அண்ணே, அவ கடிதத்துக்கு எப்பவும் பூஜ்ஜியம்தானே வந்துது?"

"பட்டையைக் கழட்டி வெச்சுட்டுத்தானப்பா படிப்பேன். அதைப் படிக்கும்போது எனக்கு என்ன ஆகுதுன்னு கவர்மென்ட்டுக்கு எதுக்குத் தெரியணும்?"

"என்னோடது?"

முத்துராக்கின் முகம் மலர்ந்தது. "நீதானா அந்தத் தம்பி! உன் கடிதம் வந்தா நாங்க பதினோரு பேரும் கூடிருவோம். சத்தமா வாசிப்போம். 'விண்ணகத்தின் விழிநீர் முத்தே'ன்னு ஒரு இடம் வரும் பாரு... சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணுல தண்ணி வந்துரும். நிறுத்திடாதே, என்ன?"

பட்டைக்குக் கண்ணீர் தெரியும். எதற்கு வந்த கண்ணீர் என்று தெரியாது.

அவர் ரெஜினாவோடு கேன்டீனுக்குப் போய் இரண்டு டீ சொன்னார். மூன்றாவது டீ சொல்லவில்லை என்பதை இளம்பரிதி ஜன்னல் வழியே உறுதி செய்துகொண்டான்.

அவர் கலத்துக்குத் திரும்பிய அந்த மாதம் அவன் விண்ணகத்தை விட்டுவிட்டான். ஒரே பக்கம் எழுதினான். 'நீங்கள் அவளோடு டீ குடித்ததைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது. அம்மா ஆஸ்பத்திரியில் இருப்பதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்லத் தோன்றியது.' மூன்று முறை கிழிக்கப் பார்த்து, அதிரசப் பொட்டலத்தோடு ஒட்டி அனுப்பினான்.

மறுமாதம் பலகை ஒளிர்ந்தது. இளம்பரிதி, பூஜ்ஜியம்.

"ஜீரோ!" என்று கத்திக்கொண்டு குதித்தான். விலங்கியல் மாணவன் அவனை அனுதாபத்தோடு பார்த்தான்.

ரெஜினா பலகையையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். "வாழ்த்துகள்டா. பட்டையைக் கழட்டிட்டுப் படிச்சாரா, இல்ல உறையைப் பிரிக்கவே இல்லையா?"

குதித்த கால் தரையிலேயே நின்றது.

ஒரு வாரம் பொறுத்தான். பிறகு பொதி அனுப்பும் அறைக்குப் போய், அங்கே முத்திரை குத்திக்கொண்டிருந்த சோணைமுத்துவிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டான். "அண்ணே, மேலேயிருந்து எனக்கு ஏதாவது பதில் வந்திருக்கா? ஒரு வரி இருந்தாக்கூடப் போதும்."

சோணைமுத்து நிமிர்ந்து பார்த்தார்.

"பதிலா? அதுக்குத்தானே தம்பி நெகிழ்மானி வெச்சிருக்கு?"