ஆட்கள்: இரண்டு

மாத்தளை டவுனில் அப்துல் ஸமத் நானாவின் ஸ்டூடியோவில் ஒன்பது வருஷமாக வேலை செய்கிறேன். செத்தவர்களின் படங்களைப் பெரிதாக்கி, பின்னால் நீல வானம் வைத்து, பிரேம் போட்டுக் கொடுப்பது என் பொறுப்பு. ஊரார் அம்மாக்களையெல்லாம் அழகாக்கிய என்னிடம் என் அம்மாவின் ஒரு படம்கூட இல்லை. இதைவிடக் கேவலம் என்ன இருக்கிறது?

அம்மா சுந்தரம்மா எல்கடுவத் தேயிலைத் தோட்டத்தில் இறந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. பதினாறாம் நாள் காரியத்துக்குப் படம் வேண்டியிருந்தது. அடையாள அட்டையில் இருந்த முகம் வியர்வை பட்டே அழிந்துபோயிருந்தது.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. எனக்குப் பத்து வயதில், ஒரு வெள்ளைக்காரர் அம்மாவைக் கொழுந்து பறிக்கும் மலையில் படம் எடுத்தார். அந்த மாதிரிப் படங்களைச் சேர்த்து வைத்திருக்கிற இணையத்தளம் எங்களுக்குப் பழக்கம்தான்; நீல வானமெல்லாம் அங்கிருந்துதான் எடுப்போம்.

மத்தியானம் தேட உட்கார்ந்தேன். இலங்கை, தேயிலை, பெண். ஆயிரக்கணக்கில் வந்தன. அம்மா தனியாகத்தானே நின்றாள் என்று 'ஆட்கள்: ஒன்று' என்ற கட்டத்தையும் சேர்த்தேன். அவள் இல்லை.

"அந்தக் கட்டத்த எடுத்துட்டுத் தேடுங்க புள்ள," என்றார் நானா.

எடுத்தேன். மூன்றாம் பக்கத்தில் அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள்.

அழுது முடித்துத்தான் கீழே இருந்த குறிச்சொற்களைப் படித்தேன். கூலியாள், பாரம்பரியம், மகிழ்ச்சி. பெயர் இல்லை. எடுத்த தேதி இருந்தது. என் தங்கச்சி டிலானியைப் புதைத்த மறுநாள்.

அவளுக்கு நாலு வயது. காய்ச்சலில் கொதித்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லொறி அனுப்புவதாகத் தோட்டத்து ஆபீஸில் சொன்னார்கள், அது வரவேயில்லை. புதைத்த மறுநாளே, விருந்தாளிகள் வருகிறார்கள் என்று கங்காணி சாவு வீட்டுக்கே வந்து அம்மாவைக் கூட்டிப்போனார். சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தாள். மகிழ்ச்சியாம்!

தேதிக்குக் கீழே இன்னொரு வரி.

ஆட்கள்: இரண்டு.

பெரிதாக்கிப் பார்த்தேன். அம்மாவின் இடது கை கொழுந்தில். வலது கை கீழே தொங்கியது. ஒரு பிள்ளையின் கையைப் பிடித்திருப்பதுபோல விரல்கள் மடங்கியிருந்தன.

மூடிய ஸ்டூடியோ அறைக்குள் ஈரமண் வாசம் அடித்தது.

"நானா, இதுல எத்தன பேர் தெரியிறாங்க?"

"ஒரு ஆள்தானே. கம்பியூட்டர் எண்ணினது, பிழையா ஈக்கும். நெஞ்சு வரைக்கும் வெட்டிப் போடுங்க."

மாலை போடுகிற படம் நெஞ்சு வரைதான் இருக்கும். எல்லாருக்கும் அப்படித்தான் வெட்டுவேன். அம்மாவுக்கும் வெட்டினேன். அந்த வலது கை போய்விட்டது.

காதுக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளை விசும்பியது.

நானா நிமிரவில்லை.

பதினாறாம் நாள் தோட்டத்து லயத்தில், எங்கள் வீட்டில், படத்துக்கு மாலை போட்டோம். தம்பி நிதுஷன் அருகில் வந்து மெதுவாகக் கேட்டான்.

"சிரிச்ச படம்னுதானே சொன்னீங்கக்கா?"

அம்மாவின் உதடுகள் மூடியிருந்தன. கண்கள் கீழே, படம் வெட்டுப்பட்ட விளிம்பைப் பார்த்தபடி.

முழுப் படமாகவே போட்டுக் கொடுத்துவிடலாம் என்று மறுநாள் ஸ்டூடியோவுக்கு ஓடினேன். தளத்தில் அதே படம், அதே தேதி. ஆனால் அம்மாவின் வலது கை விரிந்து வெறுமையாக இருந்தது.

ஆட்கள்: ஒன்று.

மவுஸைப் பிடித்திருந்த என் கைக்குள் சின்ன விரல்கள் நுழைந்தன.

இதை இடது கையால்தான் தட்டச்சு செய்கிறேன். மூன்று வாரமாக வலது கை விரியவில்லை. நரம்புக் கோளாறு என்கிறார் டாக்டர். உள்ளங்கை மட்டும் ஏன் இப்படிக் கொதிக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை.

எனக்குத் தெரியும். லொறி இன்னும் வரவில்லை.