தனியாக ஒரு பால்கனி

ராஜ்மோகன் மனைவியை மொட்டைமாடிச் சுவரோரம் நிற்க வைத்து, சுவரின் விளிம்பு அவள் இடுப்பில் எங்கே இடிக்கிறது என்று கையை வைத்துப் பார்த்தான்.

"கப்பல்ல கம்பி இதவிட நாலு விரல்தான் ஒசரம். வீடியோல பாத்தேன். சாஞ்சி நில்லு, சரியா இருக்குதான்னு பாக்கலாம்."

கல்பனா சாய்ந்தாள். கீழே சிமெண்டுக் களத்தில், கொழு மாற்றுவதற்காகத் தலைகீழாகப் புரட்டிப் போட்டிருந்த டிராக்டர் கலப்பை கிடந்தது. அதன் இரும்புக் கொக்கிகள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. ராஜ்மோகனின் கை அவள் முதுகில் இருந்தது. தட்டிக்கொடுக்கிற கையாகவும் இல்லை, பிடித்துக்கொள்கிற கையாகவும் இல்லை. மூட்டையை வண்டியில் ஏற்றுவதற்கு முன்னால் கனம் பார்க்கிறவன் கை அப்படித்தான் இருக்கும்.

இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ராஜ்மோகனைத் தெரிந்தவர்கள் கேட்க மாட்டார்கள். கரியமாணிக்கம் ஊரில் அவனைப்போலக் கை இறுகிய ஆள் கிடையாது. கரும்பு வெட்டு முடிந்து லாரி ஆலைக்குக் கிளம்பிய நாளில்கூட வீட்டுக்கு ஒரு பொட்டலம் பக்கோடா வாங்கி வந்தவனில்லை. ஒரு பஸ் தூரத்தில் இருக்கும் கடலுக்கே பெண்டாட்டியைக் கூட்டிப்போகாத மகராசன், சென்னையிலிருந்து புறப்படும் சொகுசுக் கப்பலில் போகலாம் என்றான். அதுவும் பால்கனி வைத்த அறையில்.

அதே கப்பலில் ஜன்னலே இல்லாத உள்ளறை ஒன்று இருந்தது. திறக்க முடியாத கண்ணாடி ஜன்னல் வைத்த அறை இருந்தது. கல்பனா இரண்டில் எதுவானாலும் சரி என்றாள்.

"தூங்குறதுக்குத்தான ரூமு? காத்து வேணும்னா கப்பலு மேல போயி நிக்கலாங்க. எல்லாரும் அங்கதான் நிக்கிறாங்க."

"எல்லாரும் நிக்கிற எடத்துல இன்னா இருக்குது?" என்றான் ராஜ்மோகன். "பால்கனின்னா நமக்குன்னு தனியா. பக்கத்து ரூமுக்காரன்கூட எட்டிப் பாக்க முடியாது. நடுவுல தடுப்பு வச்சிருக்கான்."

சொல்லும்போது சிரித்தான். அவன் சிரித்து அவள் பார்த்தது அபூர்வம், அதனால் அந்தச் சிரிப்பை அவளால் மறக்க முடியவில்லை.

கப்பல் பேச்சு எப்போது கிளம்பியது என்பதுதான் கல்பனாவை உறுத்தியது. களையெடுக்க வந்த மணியம்மாள் வரப்பில் வைத்து அவளிடம் ஒரு விஷயம் சொன்னாள். மறுநாளே கப்பல் பேச்சு வந்துவிட்டது.

ராஜ்மோகனுக்குக் கல்பனா இரண்டாம் தாரம். முதல் மனைவி செல்வகுமாரி கரும்புக்கொல்லைக் கிணற்றில் கால் தவறி விழுந்து செத்தாள் என்பது ஊர் அறிந்த கதை. மணியம்மாள் சொன்ன கதை வேறு. அன்றைக்கு அவள் கரும்பின் காய்ந்த சோகை இலைகளுக்கு நடுவே யாருக்கும் தெரியாமல் குந்தியிருந்தாளாம். செல்வகுமாரி கிணற்று விளிம்பைப் பிடித்துக்கொண்டு தொங்கினாளாம். ராஜ்மோகன் குனிந்தானாம். தூக்கிவிடப் போகிறான் என்றுதான் மணியம்மாள் நினைத்தாளாம்.

"வெரலு மேல செருப்புக் கால வச்சி மிதிச்சாரும்மா. ஒவ்வொரு வெரலா. அவசரமே படல."

சொல்லி முடித்து இருவரும் திரும்பியபோது மோட்டார் கொட்டகை வாசலில் ராஜ்மோகன் நின்றிருந்தான். மணியம்மாள் அதற்குப் பிறகு வேலைக்கு வரவில்லை. அவள் வீட்டுக் கதவில் பூட்டுத் தொங்குவதாகச் சொன்னார்கள்.

கல்பனா தவளக்குப்பத்தில் இருக்கும் அக்கா விஜயராணிக்குப் போன் செய்தாள்.

"பால்கனியா? அடி அதிர்ஷ்டக்காரி! எங்க வூட்டுக்காரரு கம்பெனில கூட்டினு போனப்ப ஜன்னலு இல்லாத ரூமுதான் குடுத்தான். பொட்டிக்குள்ள படுத்த மாரி இருந்துச்சு. கேக்காத, பால்கனியே போடச் சொல்லு."

"அக்கா, அவரு என்னத் தள்ளி வுட்டுருவாரு."

விஜயராணி சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும், "புருசன் ஆசையா கூட்டினு போறேன்னா ஒனக்கு இப்டியாடி தோணும்? வாயக் கழுவு" என்றாள். கல்பனா போனை வைத்துவிட்டாள். உலகத்தில் யாரையும் நம்பவைக்க முடியாத பேச்சு ஒன்று உண்டென்றால், கட்டினவன் கொன்றுவிடுவான் என்று ஒருத்தி தன் அக்காவிடம் சொல்கிற பேச்சுத்தான்.

கப்பல் என்றதும் மாமியார் வள்ளியம்மாள் ஒன்றில் மட்டும் பிடிவாதமாக நின்றாள். பூவாடைக்காரிக்குப் படைக்காமல் கடல் ஏறக் கூடாது. பூவும் பொட்டுமாகச் செத்துப்போன வீட்டுப் பெண்தான் பூவாடைக்காரி. நல்ல காரியத்துக்கு முன்னால், அவளுக்குரிய நீர்நிலைக்குப் போய்க் குடத்தில் தண்ணீர் மொண்டு, வேப்பிலையும் பூவும் செருகி, வீட்டுக்கு வா என்று பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். குடத்துக்குப் புதுப் புடவை சாத்திப் படையல் போட்டு, மறுநாள் காலை அதே தண்ணீரில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும்.

இந்த வீட்டில் பூவாடைக்காரி செல்வகுமாரிதான். ஆனால் அவள் செத்ததிலிருந்து ஒரு படையலுக்கும் கிணற்றுத் தண்ணீர் வந்ததில்லை. கிணற்றுப் படி இடிந்துபோச்சு என்று சொல்லி, ராஜ்மோகன் போர்வெல் தண்ணீரைக் குழாயில் பிடித்து வைத்துவிடுவான். இந்த முறையும் குடத்தைக் கல்பனாவிடம் நீட்டி, "கொழாயில புடிச்சாந்துடு, போதும்" என்றான்.

அவள் கிணற்றுக்குப் போனாள்.

பொழுது சாயும் நேரம். ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்த கரும்பு இரண்டு பக்கமும் நின்று வானத்தை ஒரு வாய்க்கால் அகலத்துக்குக் குறுக்கியிருந்தது. அழுகிய சோகையின் புளித்த வாடையும், எங்கோ யாரோ கொளுத்திய பயிர்த்தாளின் புகையும், அதற்கெல்லாம் அடியில் நெடுநாள் மூடிவைத்த அண்டாவைத் திறந்தால் வருகிற மாதிரி ஒரு பாசி வாடையும் வந்துகொண்டிருந்தன. கிணற்றுப் படி இடிந்திருக்கவில்லை. ஒரு கல்கூடப் பெயராமல் முழுசாக இருந்தது. அவள் ஒவ்வொரு படியாகக் குந்திக் குந்தி இறங்கி, பச்சைப் பாசியைக் கையால் விலக்கிக் குடத்தை முக்கினாள். தண்ணீர் உடம்புச் சூடாக இருந்தது.

"செல்வகுமாரிக்கா, வூட்டுக்கு வா."

கூப்பிட வேண்டியது அவ்வளவுதான். கல்பனாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, தன்னை அறியாமல் இன்னும் கொஞ்சம் பேசிவிட்டாள். "என்னயும் கொல்லப் போறாருக்கா. எனக்கு யாரும் இல்ல. நீயாச்சும் வா."

தண்ணீருக்குள் முட்டை முட்டையாகக் காற்று வெடித்தது.

குடத்தை இடுப்பில் வைத்துத் திரும்பி நடந்தாள். பூவாடைக் குடம் தூக்கினவள் பின்னால் பார்க்கக் கூடாது, அவளும் பார்க்கவில்லை. ஆனால் காதுக்கு அப்படி ஒரு கட்டுப்பாடு கிடையாதே. காற்று சுத்தமாக இல்லாத அந்த மாலையில் பின்னால் கரும்புச் சோகை சரசரத்தது. அவள் நின்றால் அதுவும் நின்றது. நடந்தால் நடந்தது. வரவரக் குடம் கனத்தது. வீட்டுப் படியேறும்போது ஒரு வளர்ந்த பிள்ளையைத் தூக்கி வருவதுபோல இடுப்பு ஒடிந்தது.

விளக்கு வைத்துப் படையல் போட்டார்கள். குடத்துக்குச் சாத்திய மஞ்சள் புடவை கீழிருந்து மேலாக மெல்ல நனைந்துகொண்டே வந்தது. குடத்தில் ஓட்டை இல்லை. வள்ளியம்மாள் அதைப் பார்த்தாள், மகனைப் பார்த்தாள், கண்ணை மூடிக்கொண்டு கும்பிட்டாள். ராஜ்மோகன் சூடம் காட்டக் குனிந்தான். குனிந்தவன் நிமிரவில்லை. வேப்பிலைக்கு நடுவே ஒரு துண்டுப் பச்சைப் பாசி ஒட்டியிருந்தது.

சூடம் அணையும்வரை அந்தப் பாசியையே பார்த்தான். பிறகு புடவையை உருவிப் போட்டுவிட்டுக் குடத்தை ஒரு கையில் தூக்கினான். மற்றக் கையால் கல்பனாவின் மணிக்கட்டைப் பிடித்தான்.

"மாடிக்கு வா."

"டேய், காலைல கெணத்துல ஊத்தணும்டா, கொடத்தத் தொடாத," என்றாள் வள்ளியம்மாள். அவன் காதில் வாங்கவில்லை. களத்துப் பக்கத்து வெளிப்படிக்கட்டில் கல்பனாவை இழுத்துக்கொண்டே ஏறினான். அவள் முழங்கால் ஒவ்வொரு படியிலும் இடித்தது.

மாடியில் குடத்தைக் கவிழ்த்தான். ஒரு குடம் தண்ணீர் இவ்வளவு வராது. மாடி முழுக்கப் பரவியது.

"எந்தத் தண்ணிடி இது?"

பொய் சொல்லியிருக்கலாம். அவளுக்குப் பொய் சொல்ல அலுத்துவிட்டது. "செல்வகுமாரிக்கா தண்ணி. மணியம்மா சொல்லிட்டா. பால்கனி ரூமுக்கு நான் வரமாட்டேன்."

ராஜ்மோகன் சுவருக்கு அப்பால் களத்தை எட்டிப் பார்த்தான். கணக்குப் போடுகிற முகம். பிறகு நிம்மதி ஆனவன்போல மூச்சு விட்டான்.

"அப்ப கப்பலு வரிக்கும் இன்னாத்துக்கு?"

கூந்தலைக் கொத்தாகப் பிடித்து அவள் தலையைச் சுவரில் மோதினான். கண்ணுக்குள் வெள்ளையாக ஏதோ வெடித்தது. மறுபடி மோதினான். நெற்றி பிளந்து ரத்தம் வாய்க்குள் இறங்கியது, உப்பும் இரும்புமாக. அவள் அவன் கையைக் கடித்தாள். சதை பிய்ந்து வந்தது. அவன் கத்தவில்லை. அவள் தொடையில் கைகொடுத்துத் தூக்கி, சுவரின்மேல் குப்புறப் போட்டான். வயிறு விளிம்பில் அழுந்தியது. தலை அந்தப் பக்கம். கால் இந்தப் பக்கம். கீழே கொக்கிகள்.

அவள் விளிம்பைப் பிடித்தாள். அவன் அவள் விரல்களைப் பார்த்தான். முழங்கையை ஓங்கினான்.

ஓங்கிய கை இறங்கவில்லை.

பாசி வாடை. குப்பென்று. தரையில் கிடந்த தண்ணீர் சத்தமில்லாமல் ஒரு பக்கமாகத் திரண்டது. கல்பனா தலையைத் திருப்பினாள். ராஜ்மோகனுக்குப் பின்னால் ஒருத்தி நின்றாள். மஞ்சள் புடவை. கீழே குடத்துக்குச் சாத்தியிருந்த அதே புடவை. ஓங்கிய அவன் கையை அவள் பிடித்திருந்தாள். பிடித்த விரல்கள் தட்டையாக இருந்தன. நகமில்லை. எலும்பு வெளியே தெரிந்தது. ஆனாலும் பிடி இறுகியது. அவன் மணிக்கட்டு மளுக்கென்று ஒடிந்தது.

"யாரு... யாருடி..." என்றான். அவனுக்குத் தெரியும் யாரென்று.

கல்பனா மாடிப் பக்கமாகச் சரிந்து விழுந்தாள். அவன் விழவில்லை, தூக்கி எறியப்பட்டான். ஒரு கத்தல். பாதியில் அறுந்தது. இரும்பில் ஈரத்துணியை அடித்த மாதிரி ஒரு சத்தம்.

அவள் எட்டிப் பார்த்தாள். ஒரு கொக்கி அவன் விலாவில் புகுந்து முன்பக்கம் வந்திருந்தது. இன்னொன்று தொடையில். கால் உதறிக்கொண்டிருந்தது. பிறகு நின்றது.

முடிந்தது என்று நினைத்தாள். உட்கார்ந்து அழுதாள். பயம் போன அழுகை, வாய்விட்டு வந்தது.

மாடியில் அவளைத் தவிர யாரும் இல்லை.

அப்போது களத்தில் சத்தம் கேட்டது. இரும்பிலிருந்து எதையோ உருவுகிற சத்தம். ஒரு முனகல். பிறகு படிக்கட்டில் ஈரக்கால். ஒரு படி. அடுத்து, இழுபட்டு இடிக்கிற கனம். மறுபடி ஈரக்கால். மறுபடி இடி.

செல்வகுமாரி அவனைத் தலைமயிரைப் பிடித்து மேலே கொண்டுவந்தாள். அவனுக்கு உயிர் இருந்தது. விலா ஓட்டையில் மூச்சு நுரைத்தது. அவள் அவனைத் தூக்கிச் சுவரில் போட்டுத் தள்ளினாள். அதே சத்தம். இறங்கிப் போனாள். உருவினாள். இழுத்துக்கொண்டு வந்தாள். அவனுக்கு உயிர் இருந்தது. மறுபடி தள்ளினாள். அவசரமே இல்லை.

வீட்டுக்குள்ளிருந்து வள்ளியம்மாள் மணியடித்துக் கும்பிடும் சத்தம் நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் வெளியே வரவில்லை.

எத்தனையாவது தடவையோ அவனைச் சுவரோரம் நிமிர்த்தி நிறுத்தியபோது அவனுக்கு ஒரு கண்தான் மிச்சம் இருந்தது. அந்தக் கண் கல்பனாவைத் தேடிப் பிடித்தது. "புடி... கல்பனா... புடிச்சிக்கோ," என்றது வாய். பல்லெல்லாம் ரத்தம்.

செல்வகுமாரி இந்த முறை தள்ளவில்லை. கல்பனாவைத் திரும்பிப் பார்த்தாள். முகம் ஊறி வெளுத்திருந்தது, ஆனால் அதில் கோபம் இல்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரிக்கு நகர்ந்து இடம் விடுகிறவள்போல, ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு விலகி நின்றாள்.

கல்பனா முந்தானையால் கண்ணில் வழிந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டாள். எழுந்தாள். அந்த இடத்தில் போய் நின்று, அவன் மார்பில் இரண்டு கையையும் வைத்தாள். சூடாக இருந்தது.

அவள் பின்னால் ஈரக்காலடி நகர்ந்தது. மறுபடி தூக்கி வருவதற்காகச் செல்வகுமாரி அதற்குள் படியிறங்கத் தொடங்கியிருந்தாள்.