கைமாற்றிக்கு எட்டாத துடிப்பு

கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் அமலோற்பவம் கையை நீட்டினாள். அந்தப் பக்கம் கைமாற்றி என்ற இயந்திரம் தன் ரப்பர்க் கையை நீட்டியது. அவள் விரலை மடக்கினால் அதுவும் மடக்கும். அது தொடுவதன் அழுத்தம் அவள் போட்டிருந்த கையுறைக்குள் தெரியும். தூத்துக்குடி எபோலா முகாமுக்கு அது வந்தபிறகு செவிலியரோ பிணம் எடுப்பவரோ ஒருவர்கூட நோயில் விழவில்லை. உள்ளே மனிதர் யாரும் போவதே இல்லை.

காலையில் மாலுமி சந்தியாகுவின் நெஞ்சில் ஒட்டியிருந்த, இதயத் துடிப்பைக் காட்டும் உணரி வியர்வையில் கழன்று விழுந்தது; திரும்ப ஒட்டவே இல்லை. கைமாற்றியால் மணிக்கட்டையும் கழுத்தையும் தொட்டுப் பார்த்த அமலோற்பவம், "போயிட்டாரு" என்று சொல்லிவிட்டாள். இப்போது உடலுக்கு மருந்து நீர் தெளித்துக்கொண்டிருந்தாள். அடுத்தது பை, அப்புறம் எரியுலை.

மூக்கோரம் தேங்கிய நீரில் ஒரு குமிழி. மெல்லப் பெருத்து உடைந்தது.

"இசக்கி, பாத்தியா?"

பக்கத்து இருக்கையில் எரியுலையைச் சூடேற்றிக்கொண்டிருந்த இசக்கிராஜ் எட்டிப் பார்த்தான். "உடம்புல தங்குன காத்துக்கா. அப்படித்தான் வரும்."

அவள் கைமாற்றியால் மறுபடி கழுத்தைத் தொட்டாள். ஒன்றுமில்லை. ஆனாலும் பையை மூட மனசு வரவில்லை. உறையைக் கழற்றி எறிந்துவிட்டு, அலமாரியில் தூசி படிந்து கிடந்த பழைய காப்புடுப்பை இழுத்தாள்.

"யக்கா, கோட்டியா பிடிச்சிருக்கு? உள்ள போனா உங்களையும் அடைச்சிருவாங்க!"

"அடைக்கட்டும். முதுகுல ஜிப்பை இழுத்து விடு."

உள்ளே போய், இரண்டு அடுக்குக் கையுறையோடு அவர் கழுத்தில் விரலை வைத்தாள். முதலில் தன் நெஞ்சு அடித்துக்கொள்வதுதான் தெரிந்தது. பிறகு, நூலிழைபோல, வேறொன்று.

"ஏ இசக்கி! உலைய அணை! ஆளு இருக்காரு!"

சந்தியாகு பிழைத்துக்கொண்டார். தனியறையில் அடைபட்ட அமலோற்பவம், தொண்டை கரகரத்தபோதெல்லாம் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். காய்ச்சல் வரவில்லை. இசக்கிராஜின் போன்தான் வந்தது.

"இன்ஜினியர்ங்க கைமாற்றியப் பிரிச்சுப் பாத்தாங்கக்கா. சாகக் கெடக்கறவங்க நடுக்கம் கையிலயே நிக்குது, தூங்க முடியலன்னு ஆரம்பத்துல நாமதான புலம்புனோம்? அதுக்காகச் சின்ன அதிர்வையெல்லாம் நமக்கு வராம அடக்கி வச்சிருக்காங்க. நல்லாத் துடிச்சா தெரியும். மெலிஞ்ச நாடி அதோட சேந்து போயிருச்சு."

அவள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள்.

"அப்போ, இவருக்கு முன்னால நாம உலையில வச்சவங்க?"

அந்தப் பக்கம் அலமாரியைத் திறக்கும் சத்தம் கேட்டது.

"யக்கா," என்றான் இசக்கிராஜ். "உள்ள ஒரு அம்மா உணரி விழுந்து கெடக்காங்க. அந்த உடுப்புல எதை முதல்ல மாட்டணும்? சீக்கிரம் சொல்லுங்க."